ஒட்டாமல் வைத்த ஸ்டிக்கர்கள்

நிஷி கசாய், தோக்கியோ
ஜூன், மழை நாள்

அன்புள்ள சங்கரா,

உன் கடிதமும் கடலைமிட்டாய்ப் பொட்டலமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது பெரிய நிம்மதி. உன் முழங்கால் வலிக்கு நான் என்ன சொல்ல, எனக்கும் அதே கதைதான். இங்கே ரயில் நிலையத்துப் படிகளில் ஏறும்போதெல்லாம் உன் நினைப்பு வருகிறது.

கடைசி வரியில் கேட்டிருந்தாயே, "அம்பது வயசுல என்னடா ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு அலையுற?" என்று. ஒட்டவில்லை மாப்ளே. ஒட்டாமல் வைத்திருப்பதுதான் இந்தப் பைத்தியமே. சரி, கேட்டுவிட்டாய், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1985ல் நீயும் நானும் என்ன செய்துகொண்டிருந்தோம்? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தீப்பெட்டிப் படம் வைத்து விளையாடிக்கொண்டிருந்தோம். அதே வருடம் இங்கே உள்ள பையன்கள் முப்பது யென்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கடை வாசலில் நின்றிருக்கிறார்கள். வாங்கியது பிக்குரிமன் சாக்லேட். லோத்தே கம்பெனியின் சரக்கு. வேஃபரும் சாக்லேட்டும் கடலைப் பருப்புத் துணுக்கும், கூடவே 48 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு ஸ்டிக்கர். ‘பிக்குரி’ என்றால் திடுக்கிடுவது. 1977ல் முதலில் வந்தபோது உள்ளே இருந்தவை குறும்பு ஸ்டிக்கர்கள். எங்காவது ஒட்டிவைத்தால் பார்ப்பவர் நிஜமென்று ஒரு கணம் ஏமாந்துபோவார். அப்படியே ஒன்பது வரிசை போட்டுவிட்டு, பத்தாவதாக 1985ல் ‘பிசாசும் தேவதூதரும்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதோடு ஊரே தலைகீழானது.

படத்தின் அழகு மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு ஸ்டிக்கரின் முதுகிலும் இரண்டு மூன்று வரி இருக்கும். இவன் அவனோடு மோதினானாம், அவர் காணாமல் போனாராம் என்று ஊர்வம்பு மாதிரி. தொடக்கத்தில் முழுக் கதை எங்குமே கிடையாது. உன்னிடம் ஒரு துண்டு, என்னிடம் ஒரு துண்டு, அடுத்த தெருக்காரனிடம் இன்னொன்று. மூன்று பேரும் உட்கார்ந்து பேசினால்தான் கதை நகரும். ஓட்சுகா எய்ஜி என்ற விமர்சகர் 1989ல் இதைப் பற்றியே எழுதினார். பிள்ளைகள் வாங்கியது சாக்லேட்டும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை, அதற்குப் பின்னால் இருந்த பெருங்கதையைத்தான் என்று. சும்மா சொல்லக் கூடாது, நமக்குத் தெருக்கூத்து பார்க்கும்போது கதை முன்பே தெரியும். இவர்களுக்கு அதுவும் தெரியாது.

உச்சத்தில் வருடத்துக்கு 40 கோடி சாக்லேட் விற்றதாம். பையன்கள் ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு தின்பண்டத்தைக் குப்பையில் போட, அது பெரிய புகாராகக் கிளம்பியது. (கடலைமிட்டாயைத் தூக்கி எறிபவனை நம் ஊரில் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்.) வரிசையில் தலைமைப் பாத்திரங்களை ‘ஹெட்’ என்பார்கள். மினுமினுக்கும் தாளில், பிற்பாடு ஹாலோகிராமில் வரும். எளிதில் கிடைக்காது. அதற்காகப் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள், அரிதானதைக் காசுக்கு விற்றார்கள். 1988ல் அரசின் நியாய வர்த்தக ஆணையம் தலையிட்டது. எல்லா ஸ்டிக்கரும் ஒரே அளவில் கலந்து வர வேண்டும், ஒன்றை மட்டும் உசத்திக் காட்டக் கூடாது என்றது. நியாயம்தான். ஆனால் சுலபமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் மோகமும் குறைந்துபோனது.

நான் இதில் விழுந்தது நகானோவில். எங்கள் வீட்டுப் பக்கம் தோசாய் ரயில் ஏறினால் மாறவே வேண்டாம், கடைசி நிறுத்தம் அதுதான். இறங்கி, கூரை போட்ட கடைத்தெருவில் நடந்தால் முடிவில் நகானோ பிராட்வே. 1966ல் கட்டிய கட்டடம். 1980ல் அங்கே ஒரு துக்கடா இடத்தில் பழைய காமிக்ஸ் விற்க ஆரம்பித்த மந்தராகே என்ற கடை, இப்போது மாடி மாடியாகப் பரவிக்கிடக்கிறது. மழைக்கு ஒதுங்கி உள்ளே போனேன். கண்ணாடி அலமாரியில் ஒரு சதுர ஸ்டிக்கர், தங்கக் கடையில் மோதிரம் வைப்பதுபோல் வைத்திருந்தார்கள். விலையைப் பார்த்தேன், எங்கள் வீட்டு ஒரு மாத மளிகை. பக்கத்தில் என் வயதுக்காரர் ஒருவர், டை கட்டிக்கொண்டு, மூக்கைக் கண்ணாடியில் ஒட்டவைத்து நின்றிருந்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். சிவகாசி லேபிள் புதிதாக ஒன்று வந்துவிட்டால் உன் முகம் அப்படித்தான் ஆகும்.

அதற்கப்புறம் நானும் ஏமாறாமல் இல்லை. சான்ரியோ கம்பெனியின் ஹலோ கிட்டி ஸ்டிக்கர் ஒரு தாள், "1976ல் அச்சானது" என்று இணையத்தில் ஒருவர் விற்றார். ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன். பிரித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஓரத்தில் பொடி எழுத்தில் 1976, 1991 என்று இரண்டு வருடம். விஷயம் இதுதான்: முதல் எண் அந்தப் பாத்திரத்துக்குக் காப்புரிமை எடுத்த வருடம். பல வருடம் கழித்து அச்சிட்ட ஹலோ கிட்டியிலும் அந்த 1976 இருக்கும். இரண்டாவது எண்தான் இந்தப் பொருள் வந்த வருடம். விற்றவர் பொய் சொன்னாரா, அவருக்கே தெரியாதா, கேட்டுச் சண்டை போடவில்லை. மகள் அந்தத் தாளைப் பார்த்து, "அழகா இருக்கே, ஒண்ணு தாங்களேன்" என்றாள். கொடுக்க மனம் வரவில்லை. ஏமாந்து வாங்கியதைக்கூடக் கிழிக்க முடியவில்லை என்றால் வியாதி எவ்வளவு முற்றியிருக்கிறது பார்!

போலி என்று தெரிந்தே வாங்கியதும் ஒன்று உண்டு. பிக்குரிமன் பித்து உச்சத்தில் இருந்தபோது, காசு போட்டுத் திருகினால் உருண்டை விழும் இயந்திரங்களில் டூப்ளிகேட் ஸ்டிக்கர் வந்தது. உற்றுப் பார்த்தால் கம்பெனி பெயரில் கடைசி எழுத்து மட்டும் வேறு, ‘லோத்தே’ இருக்க வேண்டிய இடத்தில் ‘லொச்சி’. அன்றைக்கு அது கிடைத்த பையன் அழுதிருப்பான். இன்றைக்கு அந்த லொச்சிக்கென்றே தேடி வருகிற ஆட்கள் இருக்கிறார்கள், நல்ல விலையும் போகிறது.

பராமரிப்பதுதான் பெரிய தலைவலி. ஜூன் மழையில் இங்கே சுவரே வியர்க்கும். பழைய பசை இளகி ஓரத்தில் கசியும், தாளோடு தாள் ஒட்டிக்கொள்ளும். மலிவான பிவிசி ஆல்பத்தில் வைத்தால் பிளாஸ்டிக்கே மையைத் தின்றுவிடும். நான் பாலிபுரொப்பிலீன் உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு டப்பாவில் அடைத்து, டப்பாவை அலமாரியில் வைத்து… வீட்டுக்காரி கேட்கிறாள், "இதை எப்போதான் பார்ப்பீங்க?"

அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் இது நடந்தது. போன மாதம் பக்கத்துப் பழைய சாமான் கடைக்குப் புத்தக அலமாரி தேடிப் போயிருந்தேன். கடைக்காரப் பெரியவர் தரையில் உட்கார்ந்து, மூன்று இழுப்பறை வைத்த ஒரு சின்ன மரப் பெட்டிக்கு ஹேர் டிரையரால் சூடு காட்டிக்கொண்டிருந்தார். பக்கவாட்டுப் பலகை முழுக்க ஸ்டிக்கர். ஒன்றைப் பாதி உரித்திருந்தார். "அரை மணி நேரம் பொறுங்கள், சுத்தமாக்கித் தருகிறேன்" என்றார். குனிந்து பார்த்தேன். அத்தனையும் பிக்குரிமன்.

பதினாலு இருந்தது. ஒன்றுகூட நேராக இல்லை. அதில் ஒன்று சூப்பர் ஜீயஸ், வரிசையின் முதல் ஹெட். மினுமினுப்பு போய், நடுவில் யாரோ நகத்தால் சுரண்டிய தடம். ஒட்டாமல் உறையில் இருந்தால் நகானோ கண்ணாடிக்குள் போயிருக்கும். ஒட்டியதால் சல்லிக் காசு பெறாது. ஆனால் சங்கரா, வீட்டுக்கு வந்து விலைப்பட்டியல் புத்தகத்தை வைத்துச் சரிபார்த்தபோதுதான் கவனித்தேன். முதல் சுற்றுகளில் வந்த படங்கள் எல்லாம் பலகையின் அடியில் இருக்கின்றன, என் முழங்காலுக்கும் கீழே. பின்னால் வந்தவை மேலே ஏறுகின்றன. கடைசிக் காலத்து ஹாலோகிராம் ஒன்று உச்சியில், பலகையின் விளிம்பை ஒட்டி. பையன் வளர்ந்திருக்கிறான். அப்புறம் ஒட்டுவதை நிறுத்தியிருக்கிறான்.

கடைக்காரர் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி என்பதால் தானாகவே ஐந்நூறு யென் குறைத்துக்கொண்டார். நான் வாயே திறக்கவில்லை.

பெட்டி இப்போது எங்கள் படுக்கையறையில் இருக்கிறது. முதல் வாரம் முறைத்துப் பார்த்த வீட்டுக்காரி, இப்போது ராத்திரி முகம் கழுவப் போகும்போது நெற்றியிலிருந்து எடுக்கும் ஸ்டிக்கர் பொட்டை அந்தப் பலகையின் ஓரத்தில்தான் ஒட்டுகிறாள். சூப்பர் ஜீயஸின் தாடிக்குப் பக்கத்தில் நாலு பொட்டு சேர்ந்துவிட்டது. நான் எடுக்கவில்லை. மகளுக்கும் அந்தக் கிட்டித் தாளைக் கொடுத்துவிட்டேன். மறுநாளே மடிக்கணினியில் இரண்டைக் கோணலாக ஒட்டிவைத்திருந்தாள். வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

டிசம்பரில் ஊருக்கு வருகிறோம், இரண்டு வாரம். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போவதாக எழுதியிருந்தாயே, பரணில் உன் டிரங்குப் பெட்டி இன்னும் இருக்கிறதா? மூடியின் உட்பக்கம் மைதாப் பசை போட்டுத் தீப்பெட்டிப் படமாக ஒட்டி வைத்திருந்தாய். வெள்ளையடிக்க வருபவர்கள் அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடப் போகிறார்கள், எடுத்துப் பத்திரமாக வை. அதில் இரண்டு படம் என்னுடையது. அன்றைக்கு நான் தோற்றேன் என்று இன்னமும் ஒப்புக்கொள்ளவில்லை.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்,
பாலு