அந்த ரெண்டாவது ஜாய்ஸ்டிக்

கண்ணா,

அன்னிக்கு நான் ஃபோன பாதியிலயே வெச்சதுக்கு கோவமான்னு கேட்டு மெசேஜ் போட்டிருந்தியே, கோவம்லாம் ஒண்ணும் இல்லடா. நீ உன் ஃப்ரெண்ட பத்தி பொரிஞ்சு தள்ளினியே, "இனிமே அவன்கூட கப்ஹெட் விளையாட மாட்டேம்மா, நான் செத்து பேயா மேல போயிட்டிருக்கேன், பக்கத்துலயே நின்னுட்டு என்ன காப்பாத்த ஒரு பேரி அடிக்க தெரியல, ஒரே பாஸ் வில்லன்கிட்ட நாலு தடவ"ன்னு, அத கேட்டதும் எனக்கு பழசு ஒண்ணு தொண்டையில வந்து நின்னுடுச்சு. போன்ல சொன்னா நடுவுல நடுவுல நீ பேசுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன். நீளமா போகும், பொறுமையா படி.

உன் மாமாவும் நானும் சின்ன வயசுல கான்ட்ரா விளையாடினது உனக்கு தெரியும். அது கொனாமி 1987ல ஆர்கேடுக்கு பண்ணின கேம், அடுத்த வருஷம் வீட்டு டிவில போடற கேசட்டா வந்துச்சு. மேல மேல கீழ கீழ இடது வலது இடது வலது பி ஏ, அப்புறம் ரெண்டு பேரா ஆடணும்னா செலக்ட் அமுக்கிட்டு ஸ்டார்ட், முப்பது லைஃப். இப்பவும் தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவேன். அதுல மூணாவது ஸ்டேஜ் அருவி. கீழேர்ந்து மேல ஒவ்வொரு பாறையா தாவி ஏறணும், ஸ்க்ரீன் மேல மட்டும்தான் நகரும், கீழ திரும்பி வராது. ரெண்டு பேர்ல ஒருத்தர் வேகமா ஏறிட்டா ஸ்க்ரீன் அவரோட போயிடும், கீழ நிக்கறவன் அடியில விழுந்து செத்துடுவான். எதிரி சுட வேணாம், கூட வந்தவளே போதும்.

நான் எப்பவும் முதல் ஜாய்ஸ்டிக், அக்கா இல்லையா. உன் மாமாவுக்கு ரெண்டாவது. ஒவ்வொரு தடவையும் அவன் அந்த அருவியில சாவான், "அக்கா நான் அமுக்கினேன், அது குதிக்கல"ன்னு அழுவான், நான் "பொய் சொல்லாதடா, ஆட தெரியலன்னு ஒத்துக்கோ"ன்னு கத்துவேன். ரொம்ப நாள் இப்படியே போச்சு. அப்புறம் ஒரு நாள் அவனுக்கு காய்ச்சல், பக்கத்து வீட்டு பொண்ணு வந்துச்சு, விருந்தாளியாச்சேன்னு முதல் ஜாய்ஸ்டிக்க அதுகிட்ட குடுத்துட்டு நான் ரெண்டாவத எடுத்தேன். குதிக்கற பட்டன மூணு தடவ அமுக்கினா ஒரு தடவ வேலை செய்யுது. உள்ள ரப்பர் தேஞ்சு போயிருந்துச்சு. அவன் சொன்னது அத்தனையும் நிஜம்.

இப்ப உன் விஷயத்துக்கு வரேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கேம யார் ஹோஸ்ட் பண்ணினது, யார் கம்ப்யூட்டர்ல ஓடுச்சு? நீதான, உன்கிட்டதான கேம் இருக்கு, அவன ரிமோட் ப்ளே டுகெதர்ல கூப்பிட்டிருப்ப. கப்ஹெட்ல ஆன்லைன் கோ-ஆப், அதாவது நெட் வழியா ஒண்ணா சேர்ந்து ஆடறது, கிடையாது, ரெண்டு பேரும் ஒரே டிவி முன்னாடி உக்காந்து ஆடறதுக்குன்னே பண்ணினது. ஸ்டீம்ல, நாம கேம் வாங்கற அந்த ஆன்லைன் கடையில, 2019ல இந்த ரிமோட் ப்ளே வசதி வந்ததுக்கு அப்புறம்தான் தூரத்துல இருக்கறவங்களும் ஆட முடிஞ்சுது. ஆனா அது என்ன பண்ணுதுன்னு யோசிச்சு பாரு. கேம் ஓடறது உன் கம்ப்யூட்டர்ல மட்டும்தான். உன் ஸ்க்ரீன வீடியோவா பண்ணி அவனுக்கு அனுப்புது, அவன் அத பார்த்து பட்டன் அமுக்கறான், அந்த அமுக்கல் திரும்ப நெட்ல ஏறி உன்கிட்ட வந்து சேருது. அவன் பார்க்கறதே கொஞ்சம் முன்னாடி நடந்தது, அதுக்கு அவன் குடுக்கற பதிலும் லேட்டா வருது. செகண்டுக்கு அறுபது ஃப்ரேம் ஓடற கேம்ல ஒரு ஃப்ரேம்னா சுமாரா 16 மில்லிசெகண்ட், போக வர நூறு மில்லிசெகண்ட் ஆச்சுன்னா ஆறு ஃப்ரேம் போச்சு. பேரின்னா என்ன, தாவி, அந்த பிங்க் கலர் பொருள்கிட்ட போறப்போ கரெக்டா இன்னொரு தடவ அமுக்கணும். பேயா மேல போற ஃப்ரெண்ட காப்பாத்தறதும் அதே பேரிதான், அதுவும் நகர்ந்துட்டே இருக்கற பொருள். அவன் ஸ்க்ரீன்ல அவன் கரெக்டாதான் அடிச்சிருப்பான்டா. உன் ஸ்க்ரீன்ல நீ எப்பவோ மேல போயிட்ட.

அதுவும் இல்லாம, ரெண்டு பேரா ஆடினா பாஸ்ஸுக்கு ஹெல்த் ஏத்திடுவாங்க, அதனால கோ-ஆப்னா ஈஸியா இருக்கும்னு நினைக்கறது தப்பு. காப்பாத்தினாலும் ஒரே ஒரு ஹெல்த்தோடதான் எழுந்திரிப்ப, அடுத்த அடியில மறுபடி பேய். அவன் பாதி நேரம் பாஸ்ஸ சுடாம உன்ன துரத்திட்டே இருந்திருப்பான். அத நீ கவனிச்சியா?

நான் இந்த கேம குறை சொல்லல. எனக்கு அதுமேல ஒரு தனி மரியாதை உண்டு. கனடாவுல ரெண்டு அண்ணன் தம்பி, மோல்டன்ஹவர் சகோதரர்கள், 1930கள்ல வந்த கார்ட்டூன் மாதிரியே ஒவ்வொரு அசைவையும் பேப்பர்ல கையால வரைஞ்சு, பின்னாடி தெரியற காட்சிய வாட்டர் கலர்ல தீட்டி, அத முடிக்க வீட்டையே அடமானம் வெச்சு, 2017ல கொண்டு வந்தாங்க. அண்ணன் தம்பி பண்ணினதாலயோ என்னமோ, ஒருத்தன் செத்தா இன்னொருத்தன் ஓடி வந்து தொட்டாதான் பொழைப்பான்னு வெச்சிருக்காங்க.

நானும் உன் மாமாவும் இப்ப ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆடறோம்ல, அதுல நான் கத்துக்கிட்டது என்னன்னா, புதுசா ஒரு கோ-ஆப் கேம் எடுத்தா மத்தது எதையும் பார்க்கறதுக்கு முன்னாடி, ஒருத்தன் விழுந்தா இன்னொருத்தன் என்ன பண்ணணும்னு பார்க்கறது. அதுலயே பாதி புரிஞ்சிடும், இத ஆடினா இந்த ரெண்டு பேரும் சண்டை போடுவாங்களா சிரிப்பாங்களான்னு. கான்ட்ரால ஒண்ணும் பண்ண முடியாது, அதனாலதான் நாங்க அடிச்சுக்கிட்டோம் (நான் அடிச்சேன், சரி, ஒத்துக்கறேன்).

என்டர் தி கன்ஜன் எடுத்துக்கோ, 2016ல வந்தது, எங்க பார்த்தாலும் துப்பாக்கி, எதிரிங்களே தோட்டா வடிவத்துல நடந்து வருவாங்க. அதுல ஒருத்தன் செத்துட்டா மத்தவன் அடுத்த பெட்டிய தேடி திறக்கணும், பெட்டியிலேர்ந்து புது துப்பாக்கி வராது, செத்தவன் வருவான். ஒரு நல்ல துப்பாக்கிய விட்டுக்குடுத்துதான் ஃப்ரெண்ட திரும்ப வாங்கற. ரெண்டாவது ஆளுக்கு வேற கேரக்டர் எடுக்க முடியாது, கல்டிஸ்ட்னு ஒருத்தன்தான், ஆனா அவன் கையில ஆரம்பத்துலயே ஃப்ரெண்ட்ஷிப் குக்கின்னு ஒரு பிஸ்கட் இருக்கும், முதல் ஆள் செத்தா அத வெச்சு ஒரு தடவ எழுப்பலாம். உன் மாமா அத எனக்காக செலவு பண்ணாம பத்திரமா வெச்சுக்கிட்டே கடைசி வரைக்கும் போய் செத்தான் ஒரு தடவ, அது அருவிக்கு பழி வாங்கினதுன்னு நினைக்கறேன். ஆனா இதுவும் ஒரே ஸ்க்ரீன் கேம்தான், தோட்டா மழையில உருண்டு தப்பிக்கணும், ரிமோட் ப்ளேல ஆடினா கப்ஹெட்டுக்கு நடந்த கதைதான் நடக்கும். நேர்ல சந்திக்கறப்போ ஆடுங்க.

தூரத்துலேர்ந்து ஆடணும்னா ரெண்டு வழி. ஒண்ணு, ரிமோட் ப்ளேலயே, லேட்டானாலும் பரவாயில்லைங்கற மாதிரி கேம். லவ்வர்ஸ் இன் எ டேஞ்சரஸ் ஸ்பேஸ்டைம், பேர பார்த்து சிரிக்காத, 2015ல டொரன்டோவுல ஒரு குட்டி டீம் பண்ணினது. உருண்டையா ஒரு விண்கலம், உள்ள ஏணி ஏணியா இருக்கும், ஓட்டறதுக்கு ஒரு சீட்டு, நாலு பக்கமும் துப்பாக்கி, ஒரு பக்கம் மட்டும் மறைக்கற ஷீல்டு, மேப் பார்க்க ஒரு இடம். இருக்கறது ரெண்டு பேர், இத்தன வேலை, ஒருத்தன் ஷீல்ட திருப்பறப்போ இன்னொருத்தன் ஓட்டிட்டு இருப்பான், பின்னாடி துப்பாக்கியில ஆளே இருக்காது, "பின்னாடி பின்னாடி"ன்னு கத்திக்கிட்டே ஏணியில ஓடணும். இதுல தனித்தனியா யாரும் சாக மாட்டாங்க. கலத்துக்கு ஒரே ஹெல்த், போனா ரெண்டு பேருக்கும் போச்சு. உன்னாலதான்னு சொல்ல வாயே வராது, யார் எந்த சீட்ல இருந்தோம்னு ஞாபகமே இருக்காது. உன் மாமாவும் நானும் சண்டை போடாம முடிச்ச முதல் கேம் இதுதான்.

இன்னொரு வழி, ஆன்லைனுக்குன்னே பண்ணின கேம். அங்க உன் ஆள் நடக்கறதும் தாவறதும் உன் மெஷின்லயே உடனே நடக்கும், வீடியோவா போய் வர வேலை இல்ல. ஆனா ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா கேம் இருக்கணும். டீப் ராக் கேலக்டிக் ஆடி பாருங்க, கோபன்ஹேகன்ல இருக்கற கோஸ்ட் ஷிப் கேம்ஸ் பண்ணினது, 2020ல முழுசா வந்துச்சு. நாலு குள்ளர்கள் வரைக்கும் போலாம், ரெண்டு பேரே போதும். குகைக்குள்ள இறங்கி கனிமம் வெட்டணும், பூச்சி கூட்டமா வரும். நீ ஸ்கவுட் எடுத்துக்கோ, உனக்கு எங்கயாவது தொங்கிட்டே இருக்கணும், கொக்கி எறிஞ்சு பறக்கலாம், ஃப்ளேர் சுட்டு குகை பூரா வெளிச்சம் போடலாம். அவன் இன்ஜினியர் எடுக்கட்டும். உயரத்துல சுவத்துல தங்கம் மின்னும், உன்னால அங்க பறந்து போக முடியும், ஆனா நிக்க இடம் இருக்காது, அவன் கீழேர்ந்து ஒரு ப்ளாட்ஃபார்ம சுட்டு ஒட்ட வைப்பான், நீ போய் அதுமேல நின்னு வெட்டுவ. ஒரு வார்த்தை பேசிக்காமலே இது நடக்க ஆரம்பிக்கும் பாரு மூணாவது நாளு, அந்த சுகம் எனக்கு வேற எதுலயும் கிடைக்கல. விழுந்தவன தூக்க பக்கத்துல போய் பட்டன பிடிச்சுக்கிட்டு நிக்கணும், அவ்வளவுதான், டைமிங்லாம் தேவையில்ல, பூச்சி கடிக்கறப்போ அசையாம நிக்க தைரியம்தான் வேணும். கடைசியில திரும்பி போற வண்டி அஞ்சு நிமிஷம்தான் காத்திருக்கும், ஒருத்தன் ஏறினாலும் மிஷன் ஜெயிச்சதாதான் கணக்கு. உன் மாமா ஒரு தடவ வண்டி வாசல் வரைக்கும் வந்துட்டு, நான் விழுந்து கிடக்கறத பார்த்து திரும்பி ஓடி வந்தான். ரெண்டு பேரும் செத்தோம், மிஷன் தோல்வி. ஒரு கால் மணி நேரம் சிரிச்சுக்கிட்டே இருந்தோம்.

ஓவர்குக்டுங்கற சமையல் கேம் பத்தி நீயே கேப்ப, சொல்லிடறேன். முதல் கேம் 2016ல வந்தது, அதுல ஆன்லைன் இல்ல, ரெண்டாவதுல வந்துச்சு, பச்ச பொருள தூக்கி எறியற வசதியும் அதுலதான். நல்ல கேம்தான். ஆனா உங்க ரெண்டு பேர் இப்ப இருக்கற நிலைமையில வேண்டாம். அதுல யாரும் ஒரேயடியா சாகறதில்ல, கடிகாரம் மட்டும்தான் ஓடும், அதனால யார் தட்டு கழுவலங்கறது மட்டும்தான் பேச்சா இருக்கும். ஒரே வீட்டுல இருக்கற புருஷன் பொண்டாட்டியே அத ஆடிட்டு பேசாம தூங்கினத நான் பார்த்திருக்கேன், யாருன்னு கேக்காத, உங்கப்பாவுக்கு நான் இத எழுதறது தெரியாது. மேஜிக்கா, காசில் க்ராஷர்ஸ்லாம் சமாதானம் ஆனதுக்கு அப்புறம். மேஜிக்கால உன் மந்திரமே ஃப்ரெண்ட கொல்லும், காசில் க்ராஷர்ஸ்ல பாஸ்ஸ அடிச்சு முடிச்ச கையோட இளவரசிக்காக ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் அடிச்சுக்கணும். அதெல்லாம் நல்லா சிரிச்சு பேசிக்கறவங்களுக்கு.

ஆனா முதல்ல கப்ஹெட்ட முடிங்க, பாதியில விட்டது உறுத்திட்டே இருக்கும். இந்த தடவ அவன் ஹோஸ்ட் பண்ணட்டும், நீ ரிமோட்ல போ. ஹோஸ்ட்டுக்கு லேட்டே கிடையாது, அதனால ரெண்டு பேர்ல யாருக்கு கஷ்டமா இருக்கோ அவங்களதான் ஹோஸ்ட்டா வெக்கணும், நாங்க அப்படித்தான் வெச்சுக்கறோம். வைஃபைய விட்டுட்டு ரெண்டு பேரும் வயர் போடுங்க, வீடியோ தரத்த குறைச்சு வைங்க, கொஞ்சம் மங்கலா தெரிஞ்சாலும் சீக்கிரம் வரும். அப்புறம் நீ ஒரு பேரி அடிச்சு பாரு அவன் இருந்த இடத்துலேர்ந்து.

அவன் ஹோஸ்ட் பண்ணணும்னா அவன்கிட்ட கேம் இருக்கணும். நீ ஸ்டீம்ல கிஃப்டா அனுப்பு, நேத்து சம்பளம் வந்துச்சுன்னு சொன்னியே. அனுப்பறப்போ சின்னதா ஒரு குறிப்பு எழுத இடம் இருக்கும், அத காலியா விடாத. என்ன எழுதணும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா பட்டன் வேலை செய்யலன்னு அன்னிக்கு தெரிஞ்சப்போ நான் காய்ச்சல்ல படுத்திருந்த உன் மாமாகிட்ட ஓடிப்போய் "அருவி நீ இல்லடா, ஜாய்ஸ்டிக்டா"ன்னு மட்டும்தான் சொன்னேன், அவன் போர்வைக்குள்ளேர்ந்து "நான்தான் சொன்னேன்ல"ன்னு சொல்லிட்டு திரும்பி படுத்துட்டான்.

ஞாயித்துக்கிழமை ஒன்பது மணிக்கு நாங்க டீப் ராக்ல இருப்போம். நாலு பேருக்கு இடம் இருக்கு.

அம்மா