சிரிஞ்சும் சிலிண்டரும்

அன்புள்ள ஆறாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த வாரம் பிள்ளைகளுக்குத் திரவம், வாயு பற்றிய பாடம் நடந்தது. ஊசி இல்லாத புது சிரிஞ்சுகளைக் கையில் கொடுத்தோம். காற்றை இழுத்து, நுனியை விரலால் அடைத்து அழுத்தினார்கள். தண்டு உள்ளே போனது, விட்டதும் திரும்பி வந்தது. அப்புறம் தண்ணீரை நிரப்பி அழுத்தினார்கள். எவ்வளவு முக்கியும் அசையவில்லை.

தண்ணீர், காற்று இரண்டுமே ஓடும். இரண்டுக்கும் சொந்த வடிவம் கிடையாது. அதனால் இரண்டையும் பாய்மம் என்கிறோம். ஆனால் திரவத்தின் துகள்கள் நெருங்கி இருப்பதால் அதை நசுக்க முடியாது. சொம்பில் ஊற்றினாலும் குடத்தில் ஊற்றினாலும் அளவு அதேதான். வாயுவின் துகள்கள் விலகி இருக்கின்றன. அழுத்தினால் சுருங்கும், திறந்துவிட்டால் அறை முழுக்கப் பரவும்.

இது புரிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "சார், எங்க வீட்டு கேஸ் சிலிண்டரை ஆட்டினா தண்ணி மாதிரி சத்தம் வருதே, உள்ள இருக்கிறது எது?" அவளுடைய கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவம். புரொப்பேன், பியூட்டேன் வாயுக்களை அழுத்தித் திரவமாக்கி 14.2 கிலோ அடைக்கிறார்கள். அதன் மேலே இருக்கும் இடத்தில் வாயு நிற்கிறது. அடுப்பைத் திறந்தால் மேலே உள்ள வாயு வெளியேற, கீழே உள்ள திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாகிறது.

கேஸ் தீரும் நேரத்தில் சிலிண்டரைப் படுக்கவைத்து எரிக்கும் பழக்கத்தை நம் ஊரில் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். படுக்கவைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே குழாய்க்குள் வந்துவிடலாம். வெளியே வந்த நொடியில் அது அத்தனை மடங்கு விரியும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தங்கும். வாசனை வந்தால் அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறேன். அடுப்பு அணைந்திருக்கும்போது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, சிலிண்டரை ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். மேல்பகுதி சீக்கிரம் காயும், திரவம் இருக்கும் பகுதியில் ஈரம் கொஞ்ச நேரம் நிற்கும். ஏன் என்று அவர்களே யோசிக்கட்டும்; விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ரெகுலேட்டரை அவர்கள் தொட வேண்டாம்.

ஈரம் நின்ற உயரத்தை அளந்து திங்கட்கிழமை எழுதி வர வேண்டும். ஸ்கேல் எட்டாவிட்டால் சாணில் அளந்தாலும் சரி. சிலிண்டர் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் என்னோடு சேர்ந்து செய்துகொள்ளலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்