உப்புத்தண்ணி வயலுக்கு யாருகிட்ட கத்துக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலைய விட்டுட்டு இயற்கை விவசாயத்துக்கு வந்தவங்களைப் பத்தி போன இதழ்ல போட்டிருந்தீங்க, ரெண்டு தடவை படிச்சேன். ஆனா அவங்க எல்லாம் யாருகிட்ட கத்துக்கிட்டாங்க, தப்பு நடந்தப்போ யாரைப் போய் கேட்டாங்கன்னு ஒரு வரி கூட இல்லையேங்க. எனக்கு அதுதான் தெரிஞ்சுக்கணும்.

நான் தேவிபட்டினம் பக்கத்துல ஒரு சின்ன கிராமம். வீட்டுக்காரர் சவூதில இருக்காரு. மாமனார் தவறுனதுக்கு அப்புறம் ரெண்டரை ஏக்கரும் சும்மா கெடந்துச்சு, இன்னும் ஒரு வருஷம் விட்டா சீமைக்கருவேலம் ஏறிரும்னு நானே இறங்கிட்டேன், இது நாலாவது வருஷம். மருந்தடிக்காம உரமூட்டை வாங்காம செய்யணும்னு ஆசை. களை எடுக்கத் தெரியும், கதிர் அறுக்கத் தெரியும், அம்புட்டுத்தான் தெரியும்.

முதல் வருஷம் மேற்கு மாவட்டத்துல ஒரு இடத்துக்கு காசு கட்டி ரெண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். அக்கறையாத்தான் சொல்லிக் கொடுத்தாங்க, 200 லிட்டர் தண்ணிக்கு 10 கிலோ சாணி, 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பு மண்ணு ஒரு கைப்பிடின்னு ஜீவாமிர்தம்ங்கிற இயற்கை உரக் கரைசல் வரைக்கும் நோட்டு பூரா எழுதிட்டு வந்தேன். ஆனா அவங்க கிணத்துத் தண்ணி வேற, எங்க போர் தண்ணி உப்பு, அதை அங்க யாரும் கேக்கல, எனக்கும் சொல்லத் தெரியல. ஊருக்கு வந்து சொட்டுநீர் போட்டு அந்தத் தண்ணியவே மிளகாய்க்கு விட்டேன். ஒரு மாசத்துல இலை ஓரமெல்லாம் கருகி, மண்ணு மேல வெள்ளையா உப்பு பூத்துருச்சு. தண்ணி வெயில்ல காய்ஞ்சு போயிரும், உப்பு மட்டும் மண்ணுலயே தங்கிரும்னு அப்புறம்தான் புரிஞ்சுது. அந்த வருஷம் போட்டது எல்லாம் போச்சு, வீட்டுக்காரருக்கு போன்ல சொல்லவே ரெண்டு வாரம் ஆச்சு.

எனக்கு வாத்தியாரா வந்தது வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்குற பெரியம்மா. "ஏத்தா, இந்தத் தண்ணிக்கு செடி நிக்குமா? ஆடி ஆவணியில ஒரு மழை விழுந்தா தக்கைப்பூண்டு விதைச்சு பூ எடுக்கையில மடக்கி உழுதுரு, ஐப்பசி மழைக்கு மிளகாய் போடு, தை மாசிக்கு பழம் பறிக்கலாம்"னு வெத்தலை போட்டுக்கிட்டே சொன்னாங்க. தக்கைப்பூண்டுங்கிறது மண்ணுக்கு உரமாகுற பசுந்தாள் செடி, ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாள்ல மடக்கி உழவு, அவ்வளவுதான். மூணாவது வருஷம் வத்தல் வீட்டுக்கு வந்துச்சு. அந்தப் பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எந்தப் பயிற்சியிலயும் அவங்களை யாரும் பேசக் கூப்பிட்டது இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும். ராமநாதபுரத்துலயே வேளாண் பல்கலைக்கழகத்தோட கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கு, பரமக்குடியில ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கு, எங்க மாதிரி மண்ணுக்காகவே வச்சிருக்காங்க. மூணாவது வருஷம்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். நூறு மைல் தாண்டி காசு கட்டிப் போனவளுக்கு பக்கத்துல இருக்குறது தெரியல, ஏன்னா சொல்றதுக்கு ஆள் இல்ல. வயல்ல ஆட்டை அடைச்சு வச்சு அதோட புழுக்கையை உரமாக்குற கிடை போடுற கதையும் அப்படித்தான், டெல்டாக்காரங்க வயலுக்கு ஆடு ஓட்டிட்டுப் போற கீதாரிங்க நம்ம மாவட்டத்துல இருந்துதான் போறாங்க, ஆனா என் வயல்ல ஒரு வாரம் ஆடு மடக்க யாரைப் பிடிக்கணும்னு தெரிய எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

வாட்ஸ்அப் குரூப்பு நாலஞ்சுல இருக்கேன், காலை வணக்கமும் விதை வியாபாரமும்தான் ஓடுது. நான் கேக்குறது ரொம்ப சின்ன விஷயம். மாசத்துக்கு ஒரு நாள், கடலோர கிராமத்துல இருந்து பத்துப் பேர், ஒவ்வொரு மாசம் ஒவ்வொருத்தர் வயல்ல, புள்ளைங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பிட்டு வந்து மத்தியானத்துக்குள்ள திரும்புற மாதிரி. செத்த செடியையும் காட்டணும், நல்ல செடிய மட்டும் காட்டுனா ஒண்ணும் கத்துக்க முடியாது. பி.ஜி.எஸ்.னு இயற்கைச் சான்று முறை ஒண்ணு இருக்கு, அதுல குறைஞ்சது 5 விவசாயி சேர்ந்து குழுவாகி ஒருத்தர் நிலத்தை இன்னொருத்தர் போய் பாத்து கையெழுத்துப் போடணும். சான்றுக்காக இல்லாட்டியும் அந்தப் பாக்கப் போற பழக்கத்துக்காகவே எல்லாரும் அதுல சேரலாம்னு எனக்குத் தோணுது, நாங்க இப்ப நாலு பொம்பளைங்க இருக்கோம், அஞ்சாவது ஆளைத் தேடுறோம்.

கூட்டத்துக்கு பேர் எழுதுறப்போ பட்டா யார் பேர்லன்னு கேக்குறாங்க. எங்க ஊர்ல பாதி வீட்டு ஆம்பளைங்க வெளிநாட்டுல, பட்டா மாமனார் பேர்லயோ அவங்க பேர்லயோதான் இருக்கும், மண்ணுல நிக்கிறது நாங்க. உழைக்கிறவங்க பேரை எழுதிக்கோங்கன்னு உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கிறேன்.

விதைக்கும் ஒரு வழி வேணும். பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிச் சேத்த நெல் ஜெயராமன் ஐயா, திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல நெல் திருவிழா நடத்தி 2 கிலோ விதை கொடுத்து அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பி வாங்குனாரு, அவர் 2018ல போயிட்டாரு, அந்த வழக்கம் நிக்கல. அதே மாதிரி சித்திரைக்கார், குழியடிச்சான் மாதிரி பழைய நெல் ரகமும் நம்ம பக்கமும் கை மாறணும். நம்ம முண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சப்போ ரொம்ப சந்தோசப்பட்டேன், ஆனா நான் 30 கிலோ வத்தல் கொண்டு போனா கமிஷன் கடையில எல்லாச் சாக்கோடயும் சேர்ந்துருது, மருந்தடிக்காததுன்னு தனி விலை இல்ல. பத்துப் பேர் வத்தலை ஒண்ணா சேர்த்துக் கொண்டு போனா பேசிப் பாக்கலாம், அதுக்கும் முதல்ல அந்தப் பத்துப் பேர் ஒருத்தரை ஒருத்தர் பாத்திருக்கணும்ல.

உங்ககிட்ட ரெண்டே ரெண்டு வேண்டுகோள். நம்ம மாவட்டத்துல எங்க வயல் கூட்டம், எங்க விதைப் பரிமாற்றம்னு தேதியோட ஒரு கால் பக்கம் போடுங்க, நடந்து முடிஞ்சப்புறம் போட்டோ போடாம பத்து நாள் முன்னாடியே போடுங்க. அப்புறம், லட்சத்துல சம்பாதிச்சவங்க கதையோட சேர்த்து முதல் வருஷம் தோத்தவங்க கதையும் போடுங்க. முதல்ல என்னோடதைப் போடணும்னாலும் சரி, கருகுன செடி போட்டோ இன்னும் என் போன்ல இருக்கு, அனுப்புறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவிபட்டினம் பக்கம், ராமநாதபுரம் மாவட்டம்.