கொன்ட்ரோல்-எஸ் அழுத்தியதற்கு வட்டையே துடைப்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழின் கணினிக் கேள்வி-பதில் பகுதியில் மூதூர் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் என்ற பணிசெயல் முறைமையில் ஓடும் பணிநிலையத்தில், கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் முனையச் சாளரம் திடீரென்று தட்டச்சை ஏற்க மறுக்கிறது, மற்றச் சாளரங்களில் எழுத்து ஒழுங்காக விழுகிறது, என்ன செய்யலாம்? உங்கள் பதிலாளர் சுருக்கமாக முடித்துவிட்டார். சாவிப்பலகையை மாற்றிப் பாருங்கள், சரிவராவிட்டால் பணிசெயல் முறைமையை மீள நிறுவுங்கள் என்றார். அந்தப் பதிலைத் திருத்தாமல் விட்டால் யாராவது ஒரு பிள்ளை அதன்படி செய்துவிடும் என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

கேள்வியிலேயே பாதிப் பதில் இருந்தது. மற்றச் சாளரங்களில் எழுத்து விழுகிறது என்றால் சாவிப்பலகையில் ஒரு குறையும் இல்லை. அதை மாற்றச் சொல்வது வீண்செலவு. மீள நிறுவச் சொல்வது அதைவிட மோசம். ஆய்வுகூடப் பணிநிலையம் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. அதன் வட்டில் இன்னும் பலருடைய இறுதியாண்டு ஆய்வுத் தரவுகள் கிடக்கும்; மீள நிறுவும்போது அவையும் துடைபட்டுப் போகலாம். குழாய் பூட்டியிருக்கக் கிணற்றை ஆழப்படுத்தச் சொன்ன கதைதான் இது.

நான் கணினிக்கூட உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவள். சன் நிறுவனத்தின் ஸ்பார்க் பணிநிலையங்கள் இருந்த காலத்தில் தொடங்கி, லினக்ஸ் வந்து எல்லாவற்றையும் பிடித்துக்கொண்ட காலம்வரை இந்த முனையச் சாளரங்களுடன்தான் என் பகல் கழிந்தது. இப்போதும் நிலாவெளிப் பக்கமிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பிள்ளைகள் மடிகணினியைத் தூக்கிக்கொண்டு உவர்மலையில் என் வீட்டுக்கு வருவார்கள். "அன்ரி, கீபோர்ட் செத்துவிட்டது" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். உண்மையிலேயே செத்த சாவிப்பலகையை அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

மூதூர் மாணவர் சொன்ன அறிகுறிகளுக்கு என் முதல் சந்தேகம் கொன்ட்ரோல்-எஸ். ஆவணம் எழுதும் மென்பொருள்களில் அது சேமிப்பதற்கான கட்டளை; பழகிய விரல் தானாகவே அங்கே போகும். முனையத்தில் அதே இரண்டு பொத்தான்கள் திரைக்கு எழுதுவதை நிறுத்தச் சொல்லும். 1963இல் சந்தைக்கு வந்த டெலிடைப் 33 என்ற தட்டச்சுப் பொறியில் துளையிட்ட காகித நாடாவை ஓடவிடவும் நிறுத்தவும் ஆஸ்கி என்ற எழுத்துக்குறி வரிசையின் 17ஆம், 19ஆம் குறிகள் பயன்பட்டன. அவைதான் இன்றைய கொன்ட்ரோல்-கியூவும் கொன்ட்ரோல்-எஸ்ஸும். காகித நாடாவைக் கண்ணாலும் கண்டிராத பிள்ளைகளின் கணினியில் அந்தப் பழக்கம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. தீர்வு ஒன்றே ஒன்றுதான்: கொன்ட்ரோலை அழுத்தியபடி கியூ. அவ்வளவுதான். சாளரம் அந்தக் கணமே உயிர்பெறும்.

இதில் கவனிக்கவேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது. திரை உறைந்திருந்தாலும் நாம் அடிப்பவை காணாமல் போவதில்லை. உள்ளே வரிசையில் காத்திருக்கும். கொட்டியாரக் குடாவின் நீரோட்டத்தைக் கணிக்கும் நிரல் ஒன்றை இரவு முழுவதும் ஓடவிட்டிருந்த பையன் ஒருவன் எனக்குத் தொலைபேசியில் அழைத்தான். திரை அசையவில்லை, மின்சாரத்தை நிறுத்தட்டுமா என்று கேட்டான். வேறு எதையும் தொடாதே, கொன்ட்ரோல்-கியூ மட்டும் அழுத்து என்றேன். எண்கள் மழையாகக் கொட்டின. நிரல் ஓடி முடிந்ததும், பதற்றத்தில் அவன் முன்பு அடித்துவைத்த கட்டளைகள் ஒவ்வொன்றாக நிறைவேறத் தொடங்கின. அவற்றில் கடைசியாக அடித்தது 'எக்ஸிட்'. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாளரம் தன்னைத்தானே மூடிக்கொண்டது. நல்லவேளை, விடைகள் கோப்பில் எழுதப்பட்டிருந்தன. கோப்பை அழிக்கும் கட்டளையை அடித்துவைத்திருந்தால் அதுவும் நிறைவேறியிருக்கும். ஆகவே உறைந்த திரையில் கண்டபடி அடிக்கக்கூடாது. கொன்ட்ரோல்-சியை அவசரப்பட்டு அழுத்தவும் கூடாது. அது ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே கொன்றுவிடும்.

கியூவுக்கும் அசையாவிட்டால் புதிதாக இன்னொரு முனையச் சாளரத்தைத் திறந்து பாருங்கள். அதில் எழுத்து விழுந்தால் கோளாறு பழைய சாளரத்துக்குள்ளேதான் இருக்கிறது. பிறகு பழையதில் கடைசி வரியைக் கண்ணூன்றிப் பாருங்கள். வழக்கமான வரவேற்புக் குறிக்குப் பதிலாக வலப்பக்கம் கூர்ந்த ஒற்றை அம்புக்குறி மட்டும் நின்றால், மேற்கோள் குறி ஒன்றைத் திறந்துவிட்டு மூட மறந்திருக்கிறீர்கள்; மீதியைச் சொல்வீர்கள் என்று, கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஷெல் என்ற நிரல் காத்திருக்கிறது. இந்த இடத்தில் கொன்ட்ரோல்-சி சரியான மருந்து. ஒரு குறியும் இல்லாமல், அடிப்பதெல்லாம் திரையில் தெரிந்தும் ஒன்றும் நடக்காவிட்டால், கோப்பின் பெயர் கொடுக்காமல் ஏதாவது ஒரு கட்டளையை இயக்கியிருப்பீர்கள். அது உங்களிடமிருந்தே உள்ளீட்டை எதிர்பார்க்கிறது. அதற்குக் கொன்ட்ரோல்-டி.

அடிப்பது திரையில் தெரியவே இல்லை, ஆனால் கட்டளை மட்டும் நிறைவேறுகிறது என்பது வேறு நோய். கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருந்த நிரலோ முழுத்திரையில் ஓடிய, கோப்புகளைத் திருத்தும் பதிப்பியோ பாதி வழியில் கொல்லப்பட்டால், போகிற போக்கில் முனையத்தின் அமைப்பைப் பழைய நிலைக்குத் திருப்பாமல் போய்விடும். அப்போது அடிப்பதைத் திரையில் காட்டும் எதிரொலிப்பு நின்றிருக்கும், சிலவேளை என்டர் பொத்தானும் வேலை செய்யாது. அந்தப் பொத்தான் அனுப்புவது ஒரு குறி, ஷெல் எதிர்பார்ப்பது இன்னொன்று. இடையில் நின்று மாற்றித் தரும் ஏற்பாடு கலைந்திருப்பதுதான் காரணம். முதலில் கொன்ட்ரோல்-ஜே அழுத்துங்கள். பிறகு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நிதானமாக எஸ், டி, டி, வை, ஓர் இடைவெளி, 'சேன்' (stty sane) என்று அடித்து மறுபடியும் கொன்ட்ரோல்-ஜே. முனையத்தின் அமைப்பைச் சீராக்கும் கட்டளை அது. படக்கோப்பு ஒன்றைத் தவறுதலாகத் திரையில் கொட்டி, எழுத்தெல்லாம் கோடும் கட்டமுமாக மாறியிருந்தால் 'ரீசெட்' என்ற கட்டளை. கட்டளையைத்தான் சொல்கிறேன், பெட்டியின் முகப்பில் அதே பெயரில் இருக்கும் பொத்தானை யாரும் அமுக்கிவிடவேண்டாம்.

எல்லாச் சாளரங்களிலும் கோளாறு என்றால் கதை வேறு. ஷிப்ட் பொத்தானை எட்டு விநாடி தொடர்ந்து அழுத்தினால் பல யுனிக்ஸ் மேசைத்தளங்களில் மெதுவிசை வசதி இயங்கத் தொடங்கும். கை நடுங்குபவர்களுக்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் ஒழிய எந்தப் பொத்தானும் எழுத்தைத் தராது. சாவிப்பலகையின் ஓரத்தில் தடித்த புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கிறது. நகரில் ஒரு கடையில் இதே காரணத்துக்காகப் புதுச் சாவிப்பலகை விற்றிருக்கிறார்கள். அதை மாட்டிய பிறகும் அதே கோளாறு. மறுபடியும் எட்டு விநாடி ஷிப்டை அழுத்திப் பிடித்ததும் பழைய பலகையும் புதியதும் இரண்டுமே வேலை செய்தன. ஒரே ஒரு சாளரம் மட்டும் எழுத்தை வாங்கிக்கொண்டு மற்றவை வாய்மூடியிருந்தால், எக்ஸ்டெர்ம் என்ற முனைய நிரலின் சாளரத்தில் யாரோ 'செக்யூர் கீபோர்ட்' தெரிவைத் தொட்டிருக்கக்கூடும். அந்தச் சாளரத்தின் நிறங்கள் தலைகீழாக மாறியிருக்கும். கொன்ட்ரோலுடன் மவுஸின் இடப் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் அதை நீக்கலாம்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு என்று தனியாக இரண்டு சங்கடங்கள் உண்டு. உங்கள் பதிலாளர் அவற்றை ஒருநாளும் தொட்டதில்லை.

முதலாவது, கடவுச்சொல். ரெங்கநாதன் என்ற தமிழ் விசைத்தளத்தில் கடிதம் அடித்துவிட்டு, ஆங்கிலத்துக்கு மாற்றாமலே முனையத்துக்கு வந்துவிடுவார்கள். சாதாரணக் கட்டளை என்றால் தமிழ் எழுத்து திரையில் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். கடவுச்சொல் கேட்கும் இடத்தில் பெரும்பாலும் நட்சத்திரக் குறிகூடத் தெரியாது. அது இயல்பு, கோளாறல்ல. எத்தனை முறை சரியாக அடித்தாலும் பிழை என்றே பதில் வரும். அடித்துப் பார்ப்பதற்கு முன் திரையின் மூலையில் எந்த மொழி இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

இரண்டாவது, அழிக்கும் பொத்தான். யுனிக்ஸ் பிறந்த காலத்தில் ஒரு எழுத்தை அழிக்க ஹாஷ் குறியையும் வரி முழுவதையும் அழிக்க அட் குறியையும் அடித்தார்கள். காகிதத்தில் அச்சான எழுத்தைப் பின்னால் போய் அழிக்க முடியாதல்லவா. திரை வந்த பிறகு பின்னழிப்புப் பொத்தான் எந்தக் குறியை அனுப்பவேண்டும் என்பதில் உற்பத்தியாளர்கள் ஒத்துப்போகவில்லை. அழிப்பதற்குப் பதிலாக கூரை போன்ற ^ குறியும் எச் எழுத்தும் விழும் தொல்லை அதனால் வந்தது. எஸ்டிடிவை கட்டளைக்குப் பின் 'இரேஸ்' (erase) என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கொன்ட்ரோல்-வி அழுத்தியபின் அந்தப் பொத்தானையே ஒருமுறை அழுத்தி என்டர் கொடுத்தால் ஆங்கிலத்துக்கு அது தீர்ந்துவிடும்.

தமிழுக்குத் தீராது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் (சேமிப்பின் சிறு அலகு) எடுக்கும். 'அம்மா' என்று எழுதினால் கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து. உள்ளே அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என்று ஐந்து குறிகள், 15 பைட்டுகள். இது யூடிஎஃப்-8 என்று முனையத்துக்கு யாரும் சொல்லியிருக்காவிட்டால், பின்னழிப்பை ஒருமுறை அழுத்தும்போது ஒரு பைட் மட்டும் கழன்று, மூன்றில் இரண்டு பங்கு எழுத்து அரைகுறையாக உள்ளே கிடக்கும். திரையில் எல்லாம் அழிந்ததுபோல இருக்கும். கோப்பைத் திறந்தால் கேள்விக்குறிகள் பல்லிளிக்கும். எஸ்டிடிவையுடன் 'ஐயூடிஎஃப்8' என்று சேர்த்துக் கொடுத்தால் ஒரு அழுத்தலுக்கு ஒரு குறி முழுதாகப் போகும். முதலில் கால், பிறகு மகரம், பிறகு புள்ளி. இன்னொரு கணினிக்குள் பாதுகாப்பு இணைப்பு வழியாக நுழையும்போது அந்த அமைப்பு கூடவே போகும் வசதி அந்த இணைப்புக்கான ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருளில், 2016இல் வெளியான 7.3 பதிப்பில்தான் வந்தது. பழைய வழங்கிகளில் நுழைந்ததும் அதைக் கையால் கொடுக்கவேண்டும். இவ்வளவு செய்தும் எக்ஸ்டெர்ம் சாளரத்தில் கொம்பு இடம் மாறியோ எழுத்தின் மேல் ஏறியோ நிற்கும். அது காட்டுவதில் உள்ள குறை, கோப்பில் எழுத்து சரியாகவே இருக்கும். தமிழ்ப் பத்திரிகையின் கணினிப் பகுதி இதையல்லவா முதலில் எழுதியிருக்கவேண்டும்?

சாவிப்பலகை பழுதாவதே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. உட்துறைமுக வீதியில் கடலைப் பார்த்த யன்னலோரம் கணினி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. மாரி மழைக்காலத்தில் கொன்ட்ரோல் பொத்தான் ஒட்டிக்கொண்டு எழும்ப மறுத்தால் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் கட்டளையாகிவிடும். ஆனால் அதை உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது: 'எக்ஸ்ஈவி' (xev) என்ற சிறிய நிரலை ஓடவிட்டு அதன் சாளரத்தில் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினால், எது வந்து சேருகிறது, எது வரவில்லை, எது விட்ட பிறகும் அழுத்தியபடியே நிற்கிறது என்று வரி வரியாகச் சொல்லும். அதைப் பார்த்த பிறகு கடைக்குப் போகலாம்.

மூதூர் மாணவருக்கு அடுத்த ஞாயிறு இதழிலேயே திருத்தம் வெளியிடுங்கள். கொன்ட்ரோல்-எஸ் தொல்லை திரும்ப வராமலிருக்க, பாஷ் என்ற ஷெல்லின் தொடக்கக் கோப்பில் 'எஸ்டிடிவை -ஐஎக்ஸ்ஓஎன்' என்ற வரியை ஆங்கில எழுத்துகளில் சேர்த்துவைக்கும்படியும் அவருக்குச் சொல்லுங்கள். அந்த வரியில் ஐ எழுத்தை ஒட்டி நிற்பது குறுங்கோடு. உங்கள் பக்க வடிவமைப்பாளர் அழகுக்காக அதை நீள்கோடாக மாற்றிவிட்டால் பிழைச் செய்திதான் வரும்; இடநெருக்கடியில் அதை விட்டுவிட்டாலோ, நிறுத்த நினைத்த வசதியை நாமே இயக்கிவிட்டதாக முடியும். அச்சுக்குப் போகும் முன் அந்த ஒரு கோட்டை மட்டும் யாராவது சரிபார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினிக்கூட உதவியாளர்,
உவர்மலை, திருகோணமலை.