மூடினாலும் மூடாத மெயின் வால்வு: ஏழு வாரமாகத் தீராத புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது என் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. நான் கருத்துச் சொல்லவில்லை ஐயா, புகார் சொன்னேன்.

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் உங்கள் ஒன்றேகால் அங்குலப் பித்தளை கேட் வால்வைப் போட்டு 14 மாதம்தான் ஆகிறது. உத்தரவாதம் ஐந்து ஆண்டு. இரவு பதினொன்றுக்குக் குளியலறைக் குழாய் கழுத்தோடு முறிந்தது. மாடிக்கு ஓடிச் சக்கரத்தைத் திருகினேன். அது சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, தண்ணீர் நிற்கவில்லை. சக்கரத்தோடு சுற்றும் தண்டு, உள்ளே தண்ணீரை மறிக்கும் தகட்டை எங்கே கைவிட்டது என்று உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. தொட்டிக்குள் கையை விட்டு வேட்டியைத் திணித்து அடைத்தபோது, 1000 லிட்டரில் கால்வாசிதான் மிச்சம்.

கழற்றிய வால்வோடு தாம்பரத்திலிருந்து உங்கள் அம்பத்தூர் கிளைக்குப் போனேன். உணவு இடைவேளை முடியும்வரை வாசலில் நின்றேன். பிறகு, "இங்கே குளியலறைப் பொருள்கள் மட்டும்தான், வால்வுக்கு மாதவரம்" என்றார்கள். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே! மாதவரத்தில், "உங்கள் தண்ணீரில் உப்பு அதிகம்" என்றார்கள். சென்னைப் புறநகரில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பன்னீராகவா இருக்கும்? தண்ணீர்க் குழாய் வால்வுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 778 என்று பெட்டியில் அச்சடித்தபோது இது தெரியாதா?

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கடந்த செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் பேசியவரை மறக்க முடியாது. "அதுதான் வேறு வால்வு போட்டுவிட்டீர்களே, பிறகு எதற்கு எங்களிடம் கேட்கிறீர்கள்?" என்றார். ஏழு வாரமும் வேட்டியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? மேலதிகாரியின் பெயரைக் கேட்டேன். சிரித்தார். சிரித்தார் ஐயா! உரையாடல் பதிவு செய்யப்படும் என்று உங்கள் இயந்திரமே சொல்கிறது, எடுத்துக் கேளுங்கள்.

உத்தரவாதம் பித்தளை உடலுக்குத்தான், தண்டுக்கு இல்லை என்று மாதவரத்தில் சொன்னதை எழுத விட்டுவிட்டேன். தண்டில்லாத வால்வை யார் வாங்குவார்?

கதவுகள் உப்பிவிட்டன, மர அலமாரி போயிற்று, மகளின் பட்டப்படிப்புச் சான்றிதழ் நனைந்தது. இரண்டு லட்சத்துக்குக் குறையாது. மன உளைச்சலையும் சேர்த்தால் ஐந்து லட்சம். வீட்டின் அஸ்திவாரமே ஈரம் குடித்துவிட்டது என்கிறார் கொத்தனார்.

உங்கள் நிறுவனத்தின் மீது இன்னும் மதிப்பு வைத்திருக்கிறேன். என் தந்தை கட்டிய வீட்டிலும் உங்கள் குழாய்கள்தான். எனவே பணிவாகக் கேட்கிறேன்: வால்வின் விலை, பிளம்பர் கூலி 800 ரூபாய், சேதத்துக்கு இழப்பீடு, செவ்வாய்க்கிழமை பேசியவரிடமிருந்து எழுத்தில் ஒரு மன்னிப்பு. 15 நாளில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இந்த விலைப் பொருளுக்கு அங்கே கட்டணமே கிடையாது, விசாரித்துவிட்டேன்.

பழைய வால்வு என்னிடம்தான் இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் இம்முறை நீங்கள் தாம்பரத்துக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் நான்கு புகார் எண்கள் கொடுத்த வாடிக்கையாளர்