'தி' போடுவதா, வேண்டாமா?

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியதில் என்னைவிட அம்மாவுக்குத்தான் சந்தோஷம். சோமேஸ்வரர் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனையே செய்துவிட்டு வந்துவிட்டாள்.

'நாற்பது தாண்டி உனக்கு எதுக்குடி பரீட்சை?' என்று கேட்டிருந்தாய். பள்ளியில் பெரிய வகுப்புகளுக்குப் பாடம் எடுக்க ஆங்கிலத்தில் சி1 என்ற உயர்நிலைச் சான்றிதழ் கேட்கிறார்கள். அதனால் கேம்பிரிட்ஜின் சி1 அட்வான்ஸ்டு எழுதப்போகிறேன். ஐஇஎல்டிஎஸ் போல இரண்டு வருடத்தில் காலாவதி ஆகாது என்பதும் ஒரு காரணம்.

படிப்பெல்லாம் மெட்ரோவில்தான். அல்சூரில் ஏறினால் ஒயிட்ஃபீல்டு வரை ஒரே வண்டி. உட்கார இடம் கிடைத்தால் புத்தகம், இல்லையென்றால் கம்பியைப் பிடித்தபடி போன். பரீட்சையில் எனக்குப் பிடித்தது வாசிப்பு, இலக்கணத் தாளின் நாலாம் பகுதி. 6 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மார்க். 'ஐ ரிக்ரெட் நாட் டேக்கிங் தி ஜாப்' என்று ஒரு வாக்கியம், கூடவே 'ஐ ... தி ஜாப்' என்று நடுவில் கோடிட்ட இன்னொரு வாக்கியம், 'விஷ்' என்று ஒரு சொல். அந்தச் சொல்லை மாற்றாமல், கோடிட்ட இடத்தை 3 முதல் 6 சொற்களால் நிரப்பி அதே பொருளைக் கொண்டுவர வேண்டும். 'ஐ விஷ் ஐ ஹேட் டேக்கன் தி ஜாப்' என்றால் முழு மார்க். 'ஐ ஹேட்' என்பதை 'ஐ'ட்' என்று சுருக்கினாலும் இரண்டு சொல்லாகத்தான் எண்ணுவார்கள். கணக்குப் போடுகிற மாதிரி இருக்கிறதில்லையா? உனக்குப் பிடிக்கும்.

மாடி வீட்டில் கோலார் தங்கவயல்காரர் ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற ஆங்கில டீச்சர். கட்டுரைகளை அவர்தான் திருத்துகிறார். 'ஹார்ட்லி ஹேட்', 'நாட் ஒன்லி டிட்' என்று சொல்வரிசையை மாற்றி நான் வித்தை காட்டும் வரிகளை அவர் கண்டுகொள்வதே இல்லை. சிவப்பு வட்டம் விழுவதெல்லாம் 'ஏ', 'தி' மேல்தான். 'சொசைட்டி', 'நேச்சர்' என்று பொதுவாகச் சொல்லும்போது 'தி' வேண்டாம். நம்மவர்கள் அங்கேதான் கொண்டுபோய் வைப்போம். வேண்டிய இடத்தில் விட்டுவிடுவோம். தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது, எதைச் சொல்கிறோம் என்று கேட்பவர் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் நின்று, இது எதுவென்று எதிராளிக்குத் தெரியுமா தெரியாதா என்று யோசித்தாக வேண்டும். மற்ற இலக்கணமெல்லாம் இதற்கு முன்னால் சும்மா என்பது என் கட்சி. டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை, 'இன்', 'ஆன்', 'அட்' மாதிரியான பிரெபொசிஷன்தான் பெரிய வில்லன் என்கிறார்.

அவர் கொடுத்த பயிற்சி ஒன்று நன்றாக வேலை செய்கிறது. ஆங்கிலப் பேப்பரில் ஒரு பத்தியை 'ஏ', 'தி' எல்லாவற்றையும் விட்டுவிட்டு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். மறுநாள், பேப்பரைப் பார்க்காமல் நிரப்பி, பிறகு ஒப்பிட வேண்டும். தலையங்கம் எடுக்காதே, விளையாட்டுப் பக்கம் எடு. முதலில் 'ஏ பௌலர்' என்று வருகிறவன் அடுத்த வரியிலேயே 'தி பௌலர்' ஆகிவிடுவது அங்கேதான் பளிச்சென்று தெரியும்.

பயமாக இருக்கிறதா என்று கேட்டால், கொஞ்சம். இதற்கு அடுத்த படியான ப்ரொஃபிஷியன்சி பரீட்சையை 1913-இல் முதல்முறை நடத்தியபோது எழுதியவர்கள் 3 பேர், பரீட்சை 12 மணி நேரம், மூன்று பேருமே ஃபெயில். அதை நினைத்துத்தான் தைரியம் சொல்லிக்கொள்கிறேன்.

மகளுக்கு பி.ஏ. ஆங்கிலமா, பி.காமா? முடிவானதும் எழுது. ஆங்கிலம் என்றால் என் நோட்டுகளைக் கூரியரில் அனுப்பிவைக்கிறேன், பரீட்சை முடிந்த பிறகு.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழி