ஊசியை மலையிலேயே போடுங்கள்

மலை வட்ட அரசு மருத்துவமனை நிர்வாகத்துக்கும் மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கேரள எல்லையை ஒட்டிய எங்கள் எஸ்டேட்டிலிருந்து, மாரடைப்பு வந்தவரின் இதயக் குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேப் உள்ள மருத்துவமனைக்கு இறங்க எவ்வளவு நேரமாகும் என்பதும், மறுபக்கம் கேரளாவுக்குப் போகும் காட்டுப் பாதையின் கேட் இரவில் பூட்டியிருக்கும் என்பதும் நீங்கள் அறிந்தவையே.

சென்ற மாதம் விடியற்காலை 4.50 மணிக்கு என் அண்ணனுக்கு உங்கள் மலை மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்து, மாரடைப்பு என்று உடனே கண்டுபிடித்தார்கள். ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் 14 மாத்திரைகளையும் கொடுத்தார்கள், அதற்கு நன்றி. ஆனால் அம்மாத்திரைகள் இரத்தம் மேலும் உறையாமல் தடுக்க உதவுமே தவிர, குழாயை அடைத்துவிட்ட கட்டியைக் கரைப்பதில்லை. கரைக்கும் ஊசியைக் கேட்டபோது, “கீழே போனால் நேராக ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் கம்பி வலை) வைத்துவிடுவார்கள், அதுதான் சிறந்தது” என்றார்கள்.

சிறந்ததுதான், 120 நிமிடங்களுக்குள் செய்ய முடிந்தால். முடியாத இடத்தில், மருத்துவத் தடையேதும் இல்லாத நோயாளிக்கு ஊசியை முதலில் போட்டு, பிறகு அனுப்பி, 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் செய்ய வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். டெனெக்டெப்ளேஸ் என்ற கரைக்கும் மருந்தென்றால் எடைக்கேற்ப ஒரே தடவையில், சில நொடிகளில் செலுத்திவிடலாம்.

108 வண்டியில் ஸ்ட்ரெச்சர் சரியாமல் அண்ணி காலால் முட்டுக்கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார். இ.சி.ஜி. தாள் அவர் முந்தானையில் முடிந்திருந்தது. முப்பது ஆண்டுகளாக அந்தச் சாலையில் ஏறி இறங்கி, கொண்டை ஊசி வளைவுகளின் கணக்கை உறக்கத்திலும் சொல்லக்கூடிய அண்ணன், “இன்னும் எத்தனை வளைவு?” என்று அன்று திரும்பத் திரும்பக் கேட்டார். அடைப்பை நீக்கியபோது மணி 9.10. “மேலேயே ஏன் ஊசி போடவில்லை?” என்று அங்கிருந்த மருத்துவர் கேட்டதற்கு, தவறு தன்னுடையது என்று எண்ணி அண்ணி தலைகுனிந்து நின்றார். பாதிக்கு மேல் இருக்க வேண்டிய இதயத்தின் இறைக்கும் திறன் இன்று 30 சதவீதம். லயத்து வீட்டின் பன்னிரண்டு படிகளை ஏற அண்ணன் இருமுறை உட்காருகிறார்.

ஊசியா, ஸ்டென்டா என்று அறிஞர்கள் குளிரூட்டிய அரங்குகளில் விவாதிக்கட்டும்; எங்களுக்கு அதை முடிவு செய்வது, எதிரே வரும் மரலாரி ஒதுங்க எடுத்துக்கொள்ளும் நேரம். சிறு மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து நடந்த ஆய்வில், மாரடைப்பு வந்தவர்களின் ஓராண்டுக்குள்ளான இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2017-இல் வெளியான அந்த ஆய்வு வெளிநாட்டில் அல்ல, தமிழ்நாட்டில் நடந்தது. அதையும் நாங்களா உங்களுக்கு நினைவூட்ட வேண்டும்?

கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. ஊசியை மலையிலேயே போடுங்கள் என்பது மட்டுமே வேண்டுகோள். அது தற்போது இருப்பில் உள்ளதா, இரவுப் பணியில் அதைப் போடும் பொறுப்பு யாருடையது, இ.சி.ஜி.யைப் பார்த்து உடனே ஆலோசனை சொல்லக் கீழே எந்த மருத்துவரை அழைப்பது ஆகிய மூன்றுக்கும் எழுத்தில் பதில் தருமாறு பணிவுடன் கேட்கிறேன். முந்தானையில் கசங்கிய அந்த இ.சி.ஜி. தாளின் நகலை இணைத்திருக்கிறேன். நேரம் அச்சாகியிருக்கும் மூலை மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எஸ்டேட் பள்ளி ஆசிரியர்